சட்டி நிறைந்து தவிக்கும் செடி: அறிகுறி பார்த்துப் பிரித்து நடும் வழி

போன மாதம் எதிர்வீட்டு அக்கா ஒரு பீஸ் லில்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் புதிதாக வாங்கிய பெரிய பூச்சட்டி.

"தங்கச்சி, காலையில தண்ணி ஊத்துறேன். வேலை முடிஞ்சு வந்து பார்த்தா தலை தொங்கிப் போயிருக்கு. சட்டி பத்தலபோல. இதுல மாத்திக் குடும்மா."

"இருங்கக்கா, முதல்ல வேரைப் பார்த்துடுவோம்" என்று சட்டியைக் கவிழ்த்தேன். வேர் சட்டியில் பாதிகூட நிறையவில்லை. அடி மண் சேறாக இருந்தது. வேர் நுனிகள் பழுப்பேறிக் குழைந்திருந்தன, சாக்கடை வாடை வேறு. இடம் பத்தாமல் வாடும் செடியும் வேர் அழுகி வாடும் செடியும் வெளியே ஒரே மாதிரிதான் தலை தொங்கும். முதலாவதற்குப் பெரிய சட்டி வேண்டும். இரண்டாவதை அதே பெரிய சட்டியில் போட்டால் மிச்சம் இருக்கும் வேரும் அழுகிவிடும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் சரி, வேரைப் பார்க்காமல் சட்டியை மாற்றாதீர்கள்.

வேரைப் பார்ப்பது சுலபம். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த வேர்ப்பந்து சட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வராது. மறுநாள் தண்டை விரல்களுக்கு நடுவில் விட்டு உள்ளங்கையை மண்மேல் வைத்து, சட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மேசை ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, அழுத்தினால் உறுதியாகவும் இருந்தால் நல்ல வேர். நிறம் மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில செடிகளுக்கு இயல்பிலேயே வேர் பழுப்பு நிறம். சந்தேகம் வந்தால் ஒரு வேரை மெல்ல உருவிப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர்.

நெருக்கம் என்றால் அதுவும் பார்த்ததுமே தெரியும். சட்டியை உருவிய பிறகும் வேர்ப்பந்து சட்டியின் வடிவத்திலேயே நிற்கும். சுற்றிச் சுற்றி வேர், நடுவில் மண்ணே தெரியாது.

எப்போது செய்வது

இணையத்தில் தேடினால் எல்லாரும் "வசந்த காலத்தில் மாற்றுங்கள்" என்கிறார்கள். அது குளிர்காலத்தில் செடி தூங்கும் நாடுகளுக்கு. நான் இருக்கும் கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. வருடம் முழுக்க இரவில் 24, பகலில் 33 பாகை செல்சியஸ் பக்கம். நம் செடி எந்த மாதமும் தூங்குவதில்லை, எந்த மாதமும் மாற்றலாம். பார்க்க வேண்டியது மழையையும் வெயிலையும்தான்.

பீஸ் லில்லி, பெரணி, அக்லோனிமா மாதிரி மெல்லிய வேருள்ள செடிகளுக்கு மேகமூட்டமான மழை நாட்கள் நல்லது. ஸ்நேக் பிளாண்ட், ஸெட் ஸெட் (ZZ) செடி மாதிரி கிழங்கு வைக்கும் செடிகளுக்கு வெட்டுக்காயம் காய வேண்டும். ஏப்ரலிலும் தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் சாயங்காலம் தவறாமல் கொட்டும். அந்த வாரங்களில் கிழங்கை வெட்டினால் காயம் ஈரத்திலேயே இருக்கும். பினாங்குக்காரர்களுக்கு இது மாறும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் நாட்களில் அங்கே வெயில் எப்படிக் கொளுத்தும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது கிழங்குச் செடியை வெட்டுங்கள், பெரணியைத் தொடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றிய உடனே அடியில் ஓடிவிடுகிறது

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே வேர் மட்டுமே இருக்கிறது, தண்ணீரைப் பிடித்து வைக்க மண் இல்லை. இன்னொன்று, மண் நன்றாகக் காய்ந்து சுருங்கிச் சட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கிறது, தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. நர்சரியில் வாங்கும் சில செடிகள் பீட் எனும் மக்கிய பாசிக் கலவையில் வருகின்றன. அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் ஈரம் பிடிக்காது.

எது என்று கண்டுபிடிக்க, சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி வையுங்கள். எடுத்து வடியவிட்டுத் தூக்கிப் பாருங்கள், நல்ல கனம் இருக்கும். அந்தக் கனம் மூன்று நான்கு நாள் தாங்கினால் மண் காய்ந்திருந்ததுதான் காரணம், சட்டியை மாற்ற வேண்டாம். மறுநாளே காகிதம் மாதிரி லேசாகிவிட்டால் வேர் நிறைந்துவிட்டது.

தண்ணீர் மேலேயே நிற்கிறது

சட்டியின் அடியைப் பாருங்கள். வேர் துளைகளை அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். பிறகு பிரிக்கத்தான் வேண்டும். துளை திறந்திருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது. மண்ணை மாற்றினால் போதும், செடியைப் பிரிக்கத் தேவையில்லை.

அடியில் கல் போட்டால் வடியும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அம்மாவும் ஓட்டுச்சில்லு போடுவார். ஆனால் நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர் பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே தங்கிவிடும். கல் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஈரச்சேறு வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையை மறைக்க ஒரு துண்டு வலை போதும்.

மண்ணுக்கு நான் போடும் கணக்கு இது: பையில் விற்கும் மண்கலவை இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, பெர்லைட் எனும் லேசான வெள்ளைக் கல்மணி ஒரு பங்கு. நர்சரியில் 'சேக்காம் பாக்கார்' என்று கேட்டால் உமிக்கரி தருவார்கள், விலை குறைவு. கிழங்குச் செடிகளுக்கு மண்கலவையை ஒரு பங்காகக் குறைத்து, குறைத்த பங்குக்குப் பெர்லைட்டும் உமிக்கரியும் கூட்டிப் போடுகிறேன். இதெல்லாம் நான் வாங்குவது கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை பூலோவில். 1930இல் தொடங்கிய தொழுநோய்க் குடியிருப்பில் இருந்தவர்கள் தங்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கியதில் இருந்து வந்தவை அங்கே இருக்கும் நர்சரிகள். அந்தக் கடைகளில் முதியவர் யாராவது இருந்தால் நின்று நான்கு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். செடியின் தூரைக் கையால் தொட்டே எத்தனை கன்று பிரியும் என்று சொல்லிவிடுவார்கள்.

சட்டி உப்புகிறது, வெடிக்கிறது

இது ஸ்நேக் பிளாண்டும் ஸெட் ஸெட் செடியும் செய்யும் வேலை. பிளாஸ்டிக் சட்டி வட்டம் மாறி முட்டை வடிவமாகும், ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். செடிக்கு நோய் ஒன்றும் இல்லை, கிழங்கு பெருத்துவிட்டது.

இழுக்காதீர்கள். இழுத்தால் தண்டு கிழங்கோடு சேரும் இடத்தில் முறிந்துவிடும். பிளாஸ்டிக் சட்டி என்றால் சட்டியை வெட்டுங்கள். பழைய நாளிதழைத் தரையில் விரித்து, சட்டியைப் படுக்க வைத்து, விளிம்பில் இருந்து அடிவரை கத்திரியால் ஒரு நேர்க்கோடு. மண்சட்டியாக இருந்தால் சுவரை ஒட்டி நீளமான கத்தியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தண்ணீரில் ஊறவைத்துத் தளர்த்துங்கள்.

எங்கள் பால்கனியில் ஐந்து வருடமாக இருந்த ஸெட் ஸெட் செடியைப் போன ஜூலையில் இப்படித் திறந்தேன். மண் என்று கைப்பிடி அளவுதான் இருந்தது. மற்றதெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி பழுப்புக் கிழங்குகள், ஒன்றோடொன்று அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தன. அவற்றுக்கு நடுவில் வெள்ளை வேர்கள் கயிறு மாதிரி. அந்தக் கிழங்குகளில்தான் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது, அதனால்தான் மூன்று வாரம் ஊற்றாமல் விட்டாலும் நிற்கிறது. கையால் மெல்ல ஆட்டினால் பாதிக் கிழங்குகள் தாமாகவே பிரிந்து வந்தன. சிக்கியிருந்த இடத்தில் மட்டும் கத்தி. ஒவ்வொரு பங்கிலும் கிழங்கு ஒன்று, அதில் இருந்து எழும் தண்டு ஒன்று, வேர் ஒரு கொத்து. இந்த மூன்றும் இருந்தால் பிழைத்துவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸெட் ஸெட் செடி, பீஸ் லில்லி, அக்லோனிமா, மணி பிளாண்ட் எல்லாம் ஒரே சேம்பு இனம். கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, அதே அரிப்புதான். குழந்தைகளும் பூனையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் சாராயத் துணியால் துடையுங்கள், மருந்தகத்தில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் போதும்.

வெட்டிய கிழங்கை உடனே நடக்கூடாது. நிழலில் காற்றாடும் இடத்தில் இரண்டு மூன்று நாள் நாளிதழ்மேல் கிடத்துங்கள். வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு, ஈரமில்லாத மண்ணில் நட்டு, நான்கைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். வெட்டு வாயில் மஞ்சள் தூள் தடவுவது எங்கள் வீட்டுப் பழக்கம், நானும் தடவுகிறேன். ஆனால் காயவிடாமல் மஞ்சளை மட்டும் நம்பி நட்டுவிடாதீர்கள்.

ஸ்நேக் பிளாண்டுக்கும் இதே வழிதான். ஒன்று மட்டும் கூடுதலாகத் தெரிந்துகொள்ளுங்கள். இலை ஓரத்தில் மஞ்சள் கோடு உள்ள வகையை இலைத்துண்டு வெட்டி வளர்த்தால் வரும் கன்று வெறும் பச்சையாகிவிடும். கிழங்கோடு பிரித்தால்தான் கோடு நிற்கும்.

காலையில் தண்ணீர், மாலையில் வாட்டம்

வேர் பார்த்தாகிவிட்டது, அழுகல் இல்லை, சட்டி முழுக்க வேர் என்று தெரிந்தால் பிரிக்கலாம். பீஸ் லில்லியை வைத்துச் சொல்கிறேன். அக்லோனிமா, ஸ்பைடர் பிளாண்ட், பெரணிக்கும் கிட்டத்தட்ட இதுவே.

வேர்ப்பந்தை வாளித் தண்ணீரில் முக்கி, விரலால் பிசைந்து பழைய மண்ணைக் கரையவிடுங்கள். அவசரப்பட வேண்டாம், இருபது நிமிடம் ஆகும். மண் போன பிறகு தூரைப் பாருங்கள். ஒரே புதராகத் தெரிந்தது தனித்தனிக் கொத்தாகத் தெரியும். ஒவ்வொரு கொத்துக்கும் சொந்தக் குருத்து, சொந்த வேர். இரண்டு கொத்தைப் பிடித்து மேலிருந்து கீழே, சிக்கு எடுக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பிரியுங்கள். வேர் கொஞ்சம் அறுந்தால் பரவாயில்லை. ஒரு கொத்துக்கு வேரே வரவில்லை என்றால் அதைத் தனியாக எடுக்காதீர்கள், பக்கத்துக் கொத்தோடு விட்டுவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய பீஸ் லில்லியை ஏழாகப் பிரித்தேன். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, நான்கைந்து வேர். ஒரு மாதத்தில் நான்கு செத்துப் போயின. மூன்றாகப் பிரித்திருந்தால் மூன்றுமே அந்த வருடம் பூத்திருக்கும். இப்போது ஒரு பங்கில் குறைந்தது மூன்று கொத்தாவது வைக்கிறேன்.

புதுச் சட்டி வேர்க்கொத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அதாவது பிரித்த செடிக்குப் பழைய சட்டியைவிடச் சிறிய சட்டிதான் பெரும்பாலும் தேவைப்படும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீரைக் குடிக்க ஆள் இல்லை, நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள், குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது. கிழங்குச் செடிக்கு நேர்மாறாக, இவற்றுக்கு நட்ட உடனே அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். வேரை ஒரு மணி நேரம்கூட வெறும் காற்றில் விடாதீர்கள்.

புது இலை சிறுத்துவிட்டது, பூக்கவில்லை

இதற்கு நெருக்கத்தைவிட வெளிச்சக் குறைவுதான் பெரும்பாலும் காரணம். எதிரே இன்னொரு அடுக்குமாடி எழுந்துவிட்டால் பால்கனி எப்படி இருட்டும் என்று செந்தூலில் இருக்கும் எனக்குத் தெரியும். முதலில் இடத்தை மாற்றி ஆறு வாரம் பாருங்கள். பீஸ் லில்லியும் ஸ்பைடர் பிளாண்டும் கொஞ்சம் நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், அதற்காக மட்டும் பிரிக்க வேண்டாம்.

எல்லாச் செடியையும் பிரிக்கவும் முடியாது. ரப்பர் செடி, ஒற்றைத் தண்டு மான்ஸ்டெரா இவற்றுக்கு ஒரே தூர், அதை இரண்டாகப் பிளந்தால் போய்விடும். மணி பிளாண்ட் சட்டியில் தெரியும் கூட்டம் ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்துக் குத்தியது. நீண்டதை வெட்டித் தண்ணீரில் வைத்தால் வேர்விடும், வேர்ப்பந்தைக் கலைக்க வேண்டியதில்லை.

சட்டிச் சுவரில் வெள்ளை வெள்ளையாக

உருட்டினால் உருளும் கெட்டி வெள்ளை மணி பெர்லைட். விளிம்பில் உப்பு மாதிரிப் படிந்தது உர உப்பு, தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டால் குறையும். பஞ்சு மாதிரி ஒட்டி, நசுக்கினால் பிசுபிசுத்தால் வேரில் மாவுப்பூச்சி. அந்தச் செடியை உடனே மற்றவற்றிடம் இருந்து விலக்குங்கள். வேரை ஓடும் தண்ணீரில் முழுக்கக் கழுவி, பழைய மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, சட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, புது மண்ணில் நடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை உருவிப் பார்க்க வேண்டும், ஒரே கழுவலில் போவது அபூர்வம்.

கறிவேப்பிலைச் சட்டியில் பக்கக்கன்று

வீட்டுச் செடி என்று பேசினால் நம் வீடுகளில் இதை விட முடியாது. தாய்ச்செடியைச் சுற்றி மண்ணில் இருந்து தனித்தனியாக முளைக்கும் குச்சிகளைப் பார்த்து விதை விழுந்து முளைத்தது என்று நினைத்துப் பிடுங்குகிறார்கள். பெரும்பாலும் அது தாயின் வேரில் இருந்தே கிளம்பிய கன்று. பிடுங்கினால் சொந்த வேர் இல்லாத குச்சி மட்டும் கையில் வரும், இரண்டு நாளில் வாடும்.

பினாங்கு கெலுகோரில் இருக்கும் அத்தை செய்யும் முறை இது. கன்று ஒரு சாண் உயரம் வரட்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் கத்தியை நேராக மண்ணுக்குள் இறக்கி, இணைக்கும் வேரை அறுத்துவிடுங்கள். கன்றைத் தூக்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும். மூன்று நான்கு வாரத்தில் அது தன் வேரை ஊன்றிக்கொள்ளும். புதுத் துளிர் வந்த பிறகு, சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி வேறு சட்டிக்கு மாற்றுங்கள். "கன்னுக்குட்டிய பால் மறக்க வைக்கிற மாதிரிம்மா, ஒரே நாள்ல பிரிச்சா தாங்காது" என்பார் அத்தை. கறிவேப்பிலைக்கு ஆழமான சட்டியும் நேர் வெயிலும் வேண்டும். இதற்கு மட்டும் சட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பயமில்லை, வெயிலில் இருப்பதால் மண் சீக்கிரம் காயும்.

பிரித்த பிறகு வரும் தொல்லைகள்

முதல் வாரம் தலை தொங்குவது சகஜம். வேர் குறைந்திருக்கிறது, இலை குறையவில்லை. கீழே இருக்கும் இரண்டு மூன்று பழைய இலைகளை வெட்டிவிட்டு, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது வாடினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், இலைமேல் தெளித்தால் போதும். பத்து நாளில் நிமிரவில்லை என்றால் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் பொறுங்கள். குழைந்தால் அன்றைக்கே உருவி, அழுகினதை வெட்டி, அதைவிடச் சிறிய சட்டியில் புது மண்ணில் நடுங்கள்.

கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் விடுங்கள். குருத்து மஞ்சளானால்தான் கவனிக்க வேண்டும். உரம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். அறுந்த வேரில் உரம் பட்டால் கருகும்.

செடி சட்டியில் ஆடிக்கொண்டே இருந்தால் புது வேர் பிடிக்காது. மண்ணைக் குத்தி இறுக்காமல், ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மாடி வீடுகளில் மழைக்கு முன் வீசும் காற்று பலம், அதனால் முதல் மாதம் சட்டியைச் சுவரோரம் வையுங்கள்.

கடைசியாகச் சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. பிரித்த புதிதில் ஆசையாக அடிக்கடி ஊற்றுவோம், தட்டில் தேங்கும். நம் சூட்டில் ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு வளர இடம் கொடுப்பது மலேசியாவின் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம், வீட்டுக்காரருக்கு அபராதம் வரும். அபராதம் கிடக்கட்டும், எங்கள் மாடியிலேயே இரண்டு பிள்ளைகள் டெங்கியில் படுத்து எழுந்தார்கள். நான் பால்கனியில் தட்டே வைப்பதில்லை. சட்டிகளைக் கம்பித் தாங்கியில் ஏற்றி, கீழே வடிய விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு அக்காவின் பீஸ் லில்லியில் அழுகின வேரை எல்லாம் வெட்டியபோது ஒரு பிடி வேர்தான் மிஞ்சியது. இலையைப் பாதியாகக் குறைத்து, தயிர் டப்பா அளவு சட்டியில் நட்டுக் கொடுத்தேன். நான்காவது வாரம் பச்சையாக ஒரு குருத்து சுருண்டு எழுந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். அவர் வாங்கி வந்த பெரிய சட்டியில் இப்போது என் கறிவேப்பிலைக் கன்று ஒன்று அவர் வீட்டு வாசலில் நிற்கிறது.